காயமும் தரப்பும்

உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருச்சி ரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அரை மணி நேர நடை. நான் படித்த கலவரக் கதைகள் எவையும் இந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. தெருவில் ரத்தத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

1997 நவம்பர் 29இல் உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த நாட்களில் துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல் வெறியிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். அடிபட்டவர்களையும் அவர்களைத் தூக்கி வந்தவர்களையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கும்பல் தாக்கியது, உயிர்கள் போயின. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். குண்டு வெடித்த இடங்களில் அதே ஆஸ்பத்திரியும் ஒன்று. இரண்டு வெறிகளுக்கும் அந்த வாசல் ஒரு பொருட்டாக இல்லை.

நம் மரபில் புண்பட்டவனைப் பார்க்கும் கண் இல்லாமலில்லை. நெடுநல்வாடையில் நள்ளிரவு வாடையில் பாண்டியன் பாசறைக்குள் நடந்து காயமுற்ற வீரர்களைக் காண்கிறான். அருமையான இடம். ஆனால் அவர்கள் அவனுடைய வீரர்கள். தோற்றவனின் புண்ணுக்கு அங்கே விளக்கு இல்லை.

ஜெனீவா வியாபாரி ஹென்றி டுனான் 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தைப் பார்த்தார். காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள் தரப்புக் கேட்காமல் காயங்களைக் கழுவினார்கள். 1862இல் தம் செலவில் அதைப் புத்தகமாக அச்சிட்டார். அதில் இலக்கிய நயம் தேடுகிறவர் ஏமாறலாம். ஆனால் 1864இன் ஜெனீவா ஒப்பந்தத்துக்கு வித்து அந்தப் புத்தகம்தான். அனுபவம் எழுத்தாகி, எழுத்து சட்டமாயிற்று.

நம்மிடம் சட்டம் இல்லையா? கொலைக்குத் தண்டனை உண்டு. போலீஸ் சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் அடிபட்டவரைக் காப்பது டாக்டரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவப் பணியாளரையும் மருத்துவ நிலையங்களையும் காக்க 2008இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஜெனீவா ஒப்பந்தங்களோ யுத்தத்துக்கானவை. 1977இன் இரண்டாம் துணை உடன்படிக்கை கலவரங்களை வெளிப்படையாகவே விலக்குகிறது. ஆக, டாக்டருக்குக் கடமை இருக்கிறது, கட்டிடத்துக்குக் காவல் இருக்கிறது. எதிரிச் சிப்பாய்க்கு 1864இல் கிடைத்த ஸ்தானம், அடிபட்டவன் என்பதற்காகவே தீண்டப்படாதிருக்கும் ஸ்தானம், நம் தெருவில் விழுந்தவனுக்கு இல்லை.

இதை வக்கீல்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமூகத்தின் பிரக்ஞையில் முதலில் இடம் பெறாதது அதன் சட்டத்திலும் இடம் பெறாது. அந்த முதல் இடத்தைத் தருவது எழுத்தின் வேலை. தமிழில் காயம் என்றால் புண், உடலும் காயம்தான். ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கிற மொழியில், புண்ணுக்குத் தரப்புக் கேட்டே கதை எழுதிவருகிறோம். தன் தரப்புக்காக அழுவது சுலபம். அதைக் கலை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

கலவரக் கதை ஒன்று கையில் வந்தால் நடையையும் உத்தியையும் பிறகு பார்க்கிறேன். எதிர்த்தரப்பில் அடிபட்டவனுக்கு இந்தக் கதையில் ஒரு கட்டில் உண்டா என்பதுதான் என் முதல் கேள்வி.