காயமும் ஒலிநாடாவும்

உள்ளடக்கத்தை உதறிய உருவம் கலையாகுமா? அமெரிக்கரான ஸ்டீவ் ரைஷ் 1966இல் ஒலிநாடாவில் ஆக்கிய ‘கம் அவுட்’ இவ்வினாவை எழுப்புகிறது.

1964இல் நியூயோர்க் ஹார்லெமில் பொலிசாரால் தாக்கப்பட்டவர் கறுப்பின இளைஞர் டானியல் ஹாம். குருதி வடிந்தோரையே வைத்தியசாலைக்கு அனுப்பினர். ஆதலால் கன்றிய காயத்தைப் பிதுக்கிக் குருதி காட்டியதாக அவர் சொன்னார். அச்சொற்றொடரே இவ்விசையின் மூலப்பொருள். இரு நாடாச் சுருள்களில் ஒன்றாகத் தொடங்கும் குரல் மெல்ல விலகி, நான்காய், எட்டாய்ப் பெருகி, ஏறத்தாழ 13 நிமிடத்தில் சொல்லிழந்து இரைச்சலாகிறது.

கொலைவழக்கில் தண்டனைபெற்ற ஹாமுக்கும் தோழர் ஐவருக்கும் மறுவிசாரணை கோரி நிதி திரட்டிய நிகழ்ச்சிக்கென எழுந்த ஆக்கம் இது. எனவே வெறுஞ் சோதனையென நாம் ஒதுக்கோம். ஆயினும், இரைச்சலை வியந்து மனிதனை மறக்கும் இரசனையை ஏற்கோம். அவர் காயத்தைக் காட்டினார். கலை அதனை மூடிவிடலாகாது.