மறுபதிப்பும் காலக் குறிப்பும்: ந. சுப்பு ரெட்டியாரின் நூல்களை முன்வைத்து

தமிழ் ஆராய்ச்சி நூல்களின் மறுபதிப்புகள் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. நாட்டுடைமைத் திட்டம் இதற்கு ஒரு பெருங்காரணம். உரிமைச் சிக்கல் நீங்கியதும், நூலகங்களில் மட்டுமே காணக்கிடைத்த நூல்கள் புதிய கட்டமைப்பில் வெளிவரலாயின. இதனை வரவேற்காதார் இலர். ஆயினும் மறுபதிப்பு என்பது பழைய நூலின் சொற்களை மீண்டும் அச்சிடுதல் மட்டுமா, அன்றி அந்நூல் எழுந்த காலத்தையும் உடன் தருதலா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. சமயம், தத்துவம், உளவியல், கல்வியியல் ஆகிய நான்கிலும் எழுதிய ஒருவரின் நூல்களைக் கொண்டு இவ்வினாவை அணுகுவது பயன்தரும். பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் அத்தகையவர்.

அறிவியலில் பட்டம் பெற்றுப் பின்னர்த் தமிழுக்கு வந்தவர் இவர். துறையூரில் பள்ளித் தலைமையாசிரியராகவும், காரைக்குடி அழகப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். 1960 முதல் 1977 வரை திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றினார். 2006இல் மறையும் வரை எழுதிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அணுவையும் இராக்கெட்டையும் பற்றி எழுதிய கையே ஆழ்வார்களின் பாசுரங்களுக்கும் விளக்கம் எழுதியது. இவ்வளவு எழுதியவரிடம் கூறியது கூறல் இல்லாமற்போகாது. அதனையும் மறைக்க வேண்டியதில்லை.

இவர் திருப்பதிக்கு வந்த ஆண்டும் கருதத்தக்கது. 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தின் அடிவாரத்தில், மாநில எல்லைக்கு அப்பால், தமிழ்த்துறை ஒன்றில் இருந்துகொண்டு எழுதியவர் இவர் என்பதை மறந்துவிட்டு ‘வடவேங்கடமும் திருவேங்கடமும்’ என்னும் நூலைப் படித்தல் இயலாது. இக்குறிப்பை ஒரு பதிப்புரை இரண்டு வரிகளில் தந்துவிடலாம்.

காலக் குறிப்பின் இன்றியமையாமை மிகுதியும் புலப்படுவது கல்வியியல் நூல்களிலேயாம். ‘தமிழ் பயிற்றும் முறை’ 1957இல் வெளிவந்தது. சென்னை மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றதற்கு அடுத்த ஆண்டு அது. கோத்தாரிக் கல்விக்குழு அமைக்கப்பெற்றது 1964இல். தமிழகம் இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது 1968இல். ஆகவே அந்நூல் எந்தப் பள்ளியை மனத்திற்கொண்டு பேசுகிறது என்பது அதன் ஆண்டினால் மட்டுமே விளங்கும். ஆண்டில்லாத பிரதி ஒன்றைப் பயிலும் மாணவர், அன்றைய பாடத்திட்டத்திற்குக் கூறப்பட்டதை இன்றைய பள்ளிக்குக் கூறப்பட்டதாகவே கொள்வர்.

எழுத்துச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தைத் தமிழக அரசு 1978இல் மாற்றியது. அதற்கு முன் எழுதப்பெற்ற எந்தப் பயிற்றுமுறை நூலும், எழுதக் கற்பித்தலைப் பற்றிக் கூறுமிடத்துப் பழைய வடிவங்களையே கருத்திற்கொண்டது. துதிக்கை போன்ற மேற்சுழியுடைய ஐகார உயிர்மெய்யைக் குழந்தை எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு அன்றைய ஆசிரியருக்கு மெய்யான இடர்ப்பாடு. இத்தகைய நூலைப் புதிய எழுத்தில் மாற்றிக் கோத்தால், விளக்கம் ஒன்றும் காட்டப்பெறும் எழுத்து வேறொன்றுமாக நிற்கும். அச்சுப்பிழை ஏதுமின்றியே பொருட்பிழை நேரும் இடம் இது. மெய்ப்புத் திருத்துவோர் எத்துணைக் கவனமாகப் பார்த்தாலும் இப்பிழையைக் காணமாட்டார்.

உளவியலில் இடர் வேறு வகையது. ஐம்பதுகளின் பயிற்சிக் கல்லூரிகளில் மக்டூகலின் இயல்பூக்கக் கோட்பாடு செல்வாக்குடன் விளங்கியது. 1908இல் அவர் வெளியிட்ட சமூக உளவியல் நூல் இந்தியப் பயிற்சிக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிலப்பெற்றது. மேலைநாட்டில் நடத்தையியலார் 1920களிலேயே அக்கோட்பாட்டைக் கடுமையாக மறுத்துவிட்டனர். ஐம்பதுகளின் பிற்பகுதியில் அறிதல்சார் உளவியல் தலையெடுத்தது. எனவே அக்காலத் தமிழ் உளவியல் நூல்களை இன்று படிப்போர், அவற்றை உளவியலைக் கற்பதற்கான நூல்களாக அன்றி, உளவியல் தமிழுக்கு வந்த வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளவேண்டும். அவ்வகையில் அவற்றின் மதிப்பு குறையாது, மிகும். இயல்பூக்கம், உள்ளக்கிளர்ச்சி முதலிய கலைச்சொற்கள் வகுப்பறையில் பழகித் தமிழில் நிலைபெற்ற விதத்தை வேறெங்கும் இவ்வளவு நெருங்கிக் காண இயலாது. மறுபதிப்போ இவ்வேறுபாட்டைச் சுட்டுவதில்லை. பழைய கோட்பாடு புதிய அட்டைக்குள் இன்றைய அறிவாக அமர்ந்துவிடுகிறது.

இதன் விளைவு ஆய்வேடுகளில் வெளிப்படுகிறது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் முறை இன்று பரவலாகிவிட்டது. கையிலுள்ள பிரதியின் ஆண்டையே மாணவர் இடுவர். 1957இல் கூறப்பட்ட கருத்து 2010க்குப் பின் கூறப்பட்டதாக அமையும். ஆசிரியர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அவர் புதியதொரு கருத்தை மொழிந்ததாகவும் ஆகும். யார் யாருக்கு முந்தியவர், எக்கருத்து எதற்கு மறுப்பாக எழுந்தது என்னும் வரிசையே குலைந்துபோகிறது. மாணவரை நோவதில் பயனில்லை. முதற்பதிப்பு ஆண்டு அவர் கையிலுள்ள பிரதியில் எங்கும் இல்லாதபோது அவர் என் செய்வார்?

சமய, தத்துவ நூல்கள் இவ்வாறு எளிதில் மூப்படைவதில்லை என்பர். அது பாதி உண்மையே. நம்மாழ்வாரைச் சிறப்பாகக் கொண்டு நாலாயிரத்தின் சமயத்தையும் தத்துவத்தையும் ஆராய்ந்த இவரது முனைவர்ப்பட்ட ஆய்வேடு ஆங்கிலத்தில் அமைந்தது. 1977இல் திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பெற்றது. வியாக்கியான மரபின் மணிப்பிரவாளச் சொற்களைத் தமிழ் மாணவருக்கு விளங்க வைப்பதில் இவருக்கிருந்த பயிற்சி ஆசிரியப் பணியிலிருந்து வந்தது. அவ்விளக்கங்கள் இன்றும் பயன்படுவன. ஆனால் வரலாற்றுச் செய்திகள் அவ்வாறல்ல.

திருப்பதிக் கல்வெட்டுத் தொகுதிகளை ஒப்பிட்டு நோக்கினால் இது புலனாகும். 1931 முதல் 1938 வரை தேவஸ்தானம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவையும் மறுபதிப்புக் கண்டன. கல்வெட்டின் மூலபாடம் மாறாதாகலின் பழைய பக்கத்தை அப்படியே அச்சிடுதல் அங்கு ஏற்புடையதே. முன்னுரையும் காலக்கணிப்பும் அத்தகையன அல்ல. சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியைக் கூறும் கல்வெட்டை 7ஆம் நூற்றாண்டினது என்பாரும் 10ஆம் நூற்றாண்டினது என்பாரும் உளர். முந்நூறு ஆண்டு வேறுபாடுடைய ஒரு சிக்கலில் ஒருவர் முடிவை மட்டும் குறிப்பின்றி மறுபடி அச்சிடுவது அம்முடிவுக்கு வழக்கறிஞராதலை ஒக்கும்.

சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு ஆகிய பகுதிகளின் தமிழ் மாணவர்க்கு இச்சிக்கல் மேலும் கூர்மையானது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது இவ்வூர்கள் இரு மாவட்டங்களிற் பிரிந்தன. தமிழ் நூல்களைத் தேடும் வழி அதனால் மாறவில்லை. சென்னையின் பெருநூலகங்களுக்குச் சென்று முதற்பதிப்போடு ஒத்துப்பார்த்தல் அனைவர்க்கும் இயல்வதன்று. அவர்க்குக் கிடைக்கும் ஒற்றைப் பிரதியே நூல்; அதில் இல்லாதது அவர்க்கு இல்லாததே.

செய்யவேண்டியது பெரிதன்று. முதற்பதிப்பு ஆண்டும், இடைப்பதிப்புகளின் ஆண்டுகளும், ஆசிரியரின் மூல முன்னுரையும், எழுத்துவடிவம் மாற்றப்பெற்றதா என்னும் குறிப்பும் நான்கு பக்கங்களில் அடங்கும். உளவியல், கல்வியியல் நூல்களுக்கு அத்துறை அறிந்தார் ஒருவரின் பின்னுரையும் வேண்டும்; சமய நூல்களுக்கு அது கட்டாயமன்று. செலவு கருதி முன்னுரைகளையும் அணிந்துரைகளையும் நீக்கும் வழக்கத்தை மட்டும் எவ்வகையிலும் ஏற்க இயலாது. நூல் யாரை நோக்கி, எவர் தூண்டுதலால் எழுந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சுப்பு ரெட்டியாரின் நூல்கள் பல இப்பொழுது ஒளிவருடப்பெற்று இணையத்தில் கிடைக்கின்றன. மங்கிய எழுத்தும் நூலக முத்திரையும் உடைய அப்பக்கங்கள் கண்ணுக்கு இனியன அல்ல. ஆனால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பு ஆண்டும் விலையும் அச்சகத்தின் பெயரும் உள்ளவாறே அவற்றில் காணப்பெறுகின்றன. அழகிய புதுப்பதிப்பினும் அம்மங்கிய படிமமே ஆய்வாளருக்கு இன்று நம்பத்தக்க பதிப்பாக நிற்கிறது.