அப்பா அழுதால் எத்தனை மார்க்?

டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கொடைக்கானல் மலையில் இரண்டு கட்சி உண்டு. அவை குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு கட்சி சொல்லும். அவை இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளுக்கு யார் மேடை கொடுக்கப் போகிறார்கள் என்று மற்றொரு கட்சி கேட்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு கட்சியும் ஒரே பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகையால் இதை எட்ட நின்று கல் எறிகிறவனின் கண்டனமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' 2006-ம் வருஷம் ஆரம்பமாயிற்று. அதன் பின்னாலேயே சிறுவர்களுக்கான 'ஜூனியர்' போட்டியும் வந்தது. சித்ராவும் மனோவும் நடுவர்களாக உட்கார்ந்து கேட்ட அந்த மேடையில், பத்து வயசுகூட நிரம்பாத குழந்தைகள் கஷ்டமான பாட்டுக்களை அநாயாசமாகப் பாடியதைக் கேட்டு நான் பிரமித்துப் போயிருக்கிறேன். பாட்டில் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. பாட்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் கதையில்தான் புகார். கதை கட்டுவது என் தொழில். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் அதன் வீட்டைக் காட்டுகிறார்கள். அம்மா பெருமூச்சு விடுகிறாள். வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்துவிட்டதாக அப்பா சொல்கிறார். அப்புறம் பாட்டு. பல்லவி முடிவதற்குள் காமிரா குழந்தையை விட்டுவிட்டு, கூப்பிய கைகளோடு நிற்கும் தாயிடம் போய்விடுகிறது. சரணத்தில் சுருதி சற்றே விலகினால், அது நம் காதில் விழுமுன் தகப்பனார் கண்ணைத் துடைப்பது கண்ணில் பட்டுவிடுகிறது. கடைசியில் முடிவைச் சொல்லப் போகும் சமயத்தில் ஒரு விளம்பரம். கதாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், இது கெட்டிக்காரத்தனமான கட்டுமானம்தான். நாங்களும் வாரா வாரம் 'தொடரும்' போட்டுப் பிழைக்கிறவர்கள்தானே! ஆனால் எங்கள் கதாநாயகியை யாரும் எஸ்.எம்.எஸ். ஓட்டுப் போட்டு வெளியே அனுப்புவதில்லை. இங்கே கதையும் பரீட்சையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பாட்டுக்குப் போட வேண்டிய ஓட்டு, கதைக்கு விழுகிறது.

எங்கள் மலையுச்சியில் ஆகாசவாணியின் பண்பலை நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பாட்டு கீழே பல ஜில்லாக்களுக்குப் போகிறது. பாடுகிறவரின் தாயார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வயலில் நின்று கேட்கிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் அவன் ரசனைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அநியாயம், அநியாயம் என்று ஜனங்கள் கூச்சல் போடுவதெல்லாம் கடைசி நாளைப் பற்றித்தான். 2016-ல் பெரியவர்களுக்கான போட்டியில் ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஜயித்தபோது, அவர் ஏற்கெனவே சினிமாவில் பாடியவராயிற்றே என்று பெரிய ரகளை நடந்தது. பாடியவர் போட்டிக்கு வரக் கூடாது என்று விதியா இருக்கிறது என்பது மறு தரப்பின் வாதம். விதி என்ன என்பதே போட்டி முடிந்த பிறகுதான் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பாவம், அவர் நன்றாகவே பாடினார். வசவு மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது.

ருஷ்யாவில் நடந்தது இதைவிட விசேஷம். 2019-ல் அங்கே குழந்தைகளின் 'வாய்ஸ்' போட்டியில், அல்ஸு என்ற பிரபல பாடகியின் பத்து வயது மகள் ஜயித்தாள். இறுதிச் சுற்றில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் 56.5 சதவிகித ஓட்டு. தேசமே முணுமுணுத்தது. விசாரணை வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஓட்டுக்கள் யந்திரத்தால் போடப்பட்டவை என்று தெரிந்ததும் தொலைக்காட்சி நிலையம் முடிவையே ரத்து செய்தது. அந்த ஓட்டுக்களை யார் போட வைத்தார்களோ, நான் அறியேன். எனக்கு அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கவலை. கோப்பையை வாங்கியதும் அவள். ஊர்ப் பழியைச் சுமந்ததும் அவள். எண்ணிக்கை ஒழுங்காக இல்லாவிட்டால் தோற்ற குழந்தைக்கு மட்டுமல்ல, ஜயித்த குழந்தைக்கும் அநியாயம்தான்.

இதைக் கேட்டுவிட்டு, பெற்றோரை அடியோடு விலக்கிவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நம் தேசத்தில் பெற்றோர் கை படாமல் எந்தக் குழந்தை பாட்டுக் கற்றுக்கொண்டது? மலையை விட்டு இறங்கினால் மதுரை. அங்கே வீணை ஷண்முகவடிவு அம்மாள் தம் பெண்ணைப் பாட வைத்து வளர்த்திராவிட்டால், பத்து வயதில் இசைத் தட்டில் பாடிய எம்.எஸ். சுப்புலக்ஷ்மி நமக்குக் கிடைத்திருப்பாரா? பிற்பாடு அந்தப் பெண்ணே தாயின் பிடியிலிருந்து விலகிச் சென்னைக்கு ரயிலேறிய கதையும் பிரசித்தம். கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போகிற அம்மாவே கையை விடவும் தெரிந்தவளாக இருப்பாள் என்பது நிச்சயமில்லை. அது எல்லாக் காலத்திலும் உள்ள சங்கடம். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் இதற்கு நேர்மாறு. பிள்ளையைக் கம்பெனியில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் ஊருக்குப் போய்விடுவார்கள். பையன் அடி வாங்கினாலும் கேட்பாரில்லை. ஆகவே பெற்றோர் கூட இருப்பது நல்லதுதான். பழைய காலத்துத் தாய் திரைக்குப் பின்னால் நின்றாள். இப்போது அவளையும் திரைக்கு முன்னால் இழுத்து வந்து, அவளுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்துவிட்டார்கள். கோளாறு அங்கேதான்.

அந்தப் பாத்திரத்தை ஏற்க முடியாதவர்கள் என்ன செய்வது?

பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பெண் பள்ளிக்கூட விழாவில் பாடியதைக் கேட்டேன். குரல் என்றால் குரல். ஒலிபெருக்கி பாதியில் நின்றுவிட்டது, அவள் நிறுத்தவில்லை. மதுரையில் ஏதோ போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுடைய வாத்தியார் சொன்னார். செலவை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியும் தகப்பனார் இசையவில்லை.

"பழம் பறிக்கிற மாசம் சார். ஒரு நாளுன்னா போயிட்டு வந்துரலாம். எடுத்துட்டாங்கன்னா? மெட்ராஸுல மாசக்கணக்கா யாரு கூட இருக்கிறது? அப்புறம், அங்க அப்பனும் மேடையேறி அழணுமாம்ல? எனக்கு அதெல்லாம் வராது சார்."

முதலில் சிரித்துவிட்டேன். வீடு வந்து சேருவதற்குள் சிரிப்புப் போய்விட்டது. அந்த மனுஷர் நிகழ்ச்சியை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அழுவதையும் போட்டியின் நிபந்தனைகளில் ஒன்றாக அவர் எடுத்துக்கொண்டது தப்பா? வாரா வாரம் அவர் பார்த்தது அதைத்தானே? சென்னைக்கு இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே மாசக்கணக்கில் குடியிருக்க வசதியுள்ள தகப்பன், அல்லது அந்த வசதியின்மையையே உருக்கமாகச் சொல்லத் தெரிந்த தகப்பன், இரண்டில் ஒருவராக இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லாதவர் பெண் காப்பித் தோட்டத்தில் பாடிக்கொண்டிருக்கிறாள். கடைசி நாள் ஓட்டைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போடுகிறோம். இந்த முதல் நாள் கழிவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகளும் செய்தார்கள். குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 சதவிகிதமாவது குழந்தையின் பேரில் பாங்கியில் போட வேண்டும். குழந்தையின் இஷ்டத்துக்கு விரோதமாக அதை மேடையேற்றக் கூடாது என்றும் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அப்பா வேலையை விட்டுவிட்டார், அம்மா சாப்பிடவில்லை என்று ஊரறியச் சொன்ன பிற்பாடு, "எனக்கு இஷ்டமில்லை" என்று எந்தக் குழந்தை சொல்லும்? அதே 2017-ல் சினிமா டைரக்டர் ஷூஜித் சர்க்கார் குழந்தைகள் பங்கெடுக்கும் இத்தகைய நிகழ்ச்சிகளையே தடை செய்ய வேண்டும் என்று கேட்டார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடை செய்தால் பண்ணைக்காட்டுப் பெண்ணுக்கு என்ன லாபம்? திறக்காத கதவை ஆணியடித்து மூடினதுபோல் ஆகும்.

நான் கேட்பது சின்னக் காரியங்கள். பாட்டு முடிகிற வரைக்கும் காமிரா பாடுகிறவளிடமே இருக்கட்டும். ஒவ்வொரு நடுவரும் போட்ட மார்க்கைத் திரையில் காட்டட்டும். எத்தனை ஓட்டு வந்தது, ஒரே டெலிபோனிலிருந்து எத்தனை வந்தது என்பதையும் சொல்லட்டும். கூட வந்து தங்கும் பெற்றோருக்கு, அவர்கள் இழக்கிற தினக்கூலியைக் கொடுக்கட்டும். ஒரு விளம்பரத்தின் வருமானத்தில் அடங்காத தொகையாக அது இருக்காது. ஆள் எடுக்கிறவர்கள் மதுரையோடு நின்றுவிடாமல், கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி மேலே வரட்டும். உச்சிக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. பஸ் நிற்கிற ஊர்களில் இறங்கிப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் போதும். பழம் பறிக்கிற மாசமாக மட்டும் இருக்க வேண்டாம்.