மெய்ம்மாணவரும் நூற்றைம்பது சொற்களும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் எம்மவர் எழுதும் ‘நோக்க உரை’யினை எவரும் இலக்கிய வகைகளுள் ஒன்றாகக் கொள்வதில்லை. ஆயினும் அதற்கும் மரபு உண்டு, வாய்பாடு உண்டு, ஆசிரியரும் உண்டு. அவ்வாசிரியர் பல வேளைகளில் விண்ணப்பதாரர் அல்லர், முகவர் நிலையத்து எழுத்தரே என்பதுதான் அதனைத் திறனாய்வுக்குரியதாக்குகின்றது.

2011 நவம்பரில் அவுஸ்திரேலியா, மாணவ விசா கோருவோர் தம்மை ‘மெய்யான தற்காலிக வருகையாளர்’ என நிறுவ வேண்டுமென விதித்தது. கல்வி முடிந்ததும் திரும்பும் எண்ணமே அங்கு மெய்ம்மையின் அளவுகோலாயிற்று. 2024 மார்ச் 23 முதல் அவ்விதி நீங்கி, ‘மெய்யான மாணவர்’ என்ற விதி வந்தது. முதல்நாள் வரை “திரும்பி வருவேன்” என்று உறுதிகூற வேண்டியிருந்த மாணவிக்கு மறுநாள் அவ்வுறுதி வேண்டப்படவில்லை. அவளது உள்ளம் ஓரிரவில் மாறிவிட்டதா? அன்று, மெய்ம்மையின் இலக்கணமே மாறிற்று.

அரசு விசா மறுத்தால் அனுமதி வழங்கிய பல்கலைக்கழகத்தின் இடர்மதிப்பீடும் பாதிக்கப்படும். ஆதலின் அரசுக்கு முன்னரே பல்கலைக்கழகங்கள் சலிக்கத் தொடங்குகின்றன. 2023இல் அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் பஞ்சாப், ஹரியானா முதலிய இந்திய மாநிலங்களின் விண்ணப்பங்களுக்கே தடையிட்டன. தனியொருவரை ஆராயும் உழைப்பை மிச்சப்படுத்த ஊரையே சந்தேகிப்பது எளிதான வழிதான்!

புதிய விதியின் வினாக்களுக்கு ஒவ்வொன்றும் 150 சொற்களுக்கு மேற்படாமல் ஆங்கிலத்தில் விடையளித்தல் வேண்டும். சொல்லைவிடச் சான்றுக்கே நிறை அதிகம் என்கின்றது அந்நாட்டு உள்விவகாரத் திணைக்களம். நியாயமே. ஆனால் எவரிடம் எச்சான்று உண்டு? கல்முனைக்கு வடக்கே, மருதமுனையை அடுத்துள்ள பெரியநீலாவணையை எடுத்துக்கொள்வோம். 2004 டிசெம்பர் 26இல் கடல் புகுந்தபோது இக்கரையில் வீடுகளோடு உறுதிகளும் சான்றிதழ்களும் அள்ளுண்டு போயின. கரையில் மீன் விற்ற காசு கைக்குக் கை மாறுவது. வங்கிப் புத்தகத்தில் அதற்குத் தடமில்லை. வட்டிக்கு வாங்கிச் சில மாதம் வங்கியிலிட்டுக் காட்டும் பணமோ மெய்ச்சான்றாகிவிடுகின்றது. சொந்த ஊருடனான பிணைப்பு யாதென்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. இவ்வூர்ச் சின்னத்துரை தம் ஊர்ப்பெயரையே புனைபெயராக்கி, நீலாவணன் என்றே ஈழத்துக் கவிதையில் நிலைத்தார் (1931–1975). அத்தகைய பிணைப்பை எந்தப் பத்திரத்தால் நிறுவுவது?

மோசடியே இல்லையென்று வாதிடுவது எம் நோக்கமன்று. பஞ்சாபைச் சேர்ந்த மாணவர் பலர், முகவர் கொடுத்த போலி அனுமதிக் கடிதங்களுடன் கனடா சென்றிருந்தமை 2023இல் வெளியாயிற்று. கடிதம் போலியென அறியாமலே ஏமாந்தோரும் அவருள் இருந்தனர். அவ்வாண்டு டிசெம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் அதனை வழங்கிய நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யும் முறையைக் கனடா நடைமுறைப்படுத்திற்று. இது செம்மையான வழி. தாளின் உண்மையைத் தாள் வழங்கியவரிடம் கேட்டறியலாம்.

மாணவரின் உண்மையை அறிய விரும்பும் பல்கலைக்கழகம், முகவரின் ஆங்கிலத்துக்குப் புள்ளியிடுவதை விடுத்து, பாடத்தைப் பற்றி அவரோடு அரைமணி நேரம் உரையாடட்டும். பௌதிகம் கற்க வருபவளிடம் பௌதிகத்தைக் கேட்கட்டும். தந்தையின் வங்கிக் கணக்கு, கட்டணம் கட்டப்படுமா என்ற ஒன்றை மட்டுமே சொல்லும்.