கார்சியாவுக்குக் கடிதம் கொண்டுபோனவர்

நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர், இப்போது வளைகுடா நாடொன்றில் பண்டகசாலைக் கணக்கராய் இருப்பவர், விடுமுறையில் வந்தபோது ஆங்கிலச் சிற்றேடு ஒன்றைத் தந்தார். "ஹஜ்ரத், எங்கள் மேலாளர் இதை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து, ஐயம் கேட்பவனுக்குக் 'கார்சியா' என்றே கேலிப்பெயர். தாங்கள் படித்துச் சொல்ல வேண்டும்" என்றார். ஆங்கிலம் நமக்குச் சரளமன்று. அகராதித் துணையோடு இருமுறை படித்தோம்.

அமெரிக்கரான எல்பர்ட் ஹப்பர்ட் 1899-ல் தாம் நடத்திய ஏட்டில் எழுதிய கட்டுரை அது. 1898-ல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, கியூபாவின் மலைகளில் எங்கோ இருந்த கிளர்ச்சித் தளபதி கார்சியாவுக்கு அதிபரின் கடிதம் சேர வேண்டியிருந்தது. ரோவன் என்னும் படையதிகாரி, 'அவர் எங்கே?' என்றுகூடக் கேளாமல் அதை வாங்கிச் சென்று சேர்ப்பித்தார். கதை இவ்வளவே. எஞ்சியதெல்லாம் சோம்பேறி ஊழியர்மீது ஆசிரியர் பொழியும் சினம்.

அந்தச் சினத்தில் உண்மை இல்லாமலில்லை. ஓர் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரச் சொன்னால், 'அவர் யார், எந்த நூலில் பார்ப்பது, அவசரமா' என்று எழுத்தர் அடுக்கும் வினாக்களை அவர் காட்டுமிடத்தில் நாமும் சிரித்தோம். வகுப்பில் அகராதி எதிரிலிருக்க, சொற்பொருளை நம்மிடமே கேட்கும் பிள்ளைகளை நாற்பதாண்டு மதரஸா வாழ்வில் பார்த்திருக்கிறோமே! முணுமுணுப்பின்றித் தானாக முன்வந்து உழைப்பவனின் அருமையை ஹப்பர்ட் அறிந்திருக்கிறார். நடையும் சுருக்கமானது, சூடானது.

ஆனால் நடந்தது வேறு. ரோவனை அனுப்பியவர் இராணுவ உளவுப் பிரிவின் தலைவர். உயிருக்கு ஆபத்தென்பதால், ஆளை அடையாளம் காட்டுவதற்கு மேல் எதுவும் எழுத்தில் இருக்கலாகாது என்று அவர் சொல்லியனுப்பியதாக ரோவனே பின்னர் எழுதினார். நெஞ்சில் கட்டிய முத்திரைக் கடிதம் ஹப்பர்டின் கற்பனை. ஜமைக்காவில் கியூபர்கள் படகு ஏற்பாடு செய்தார்கள். மலைகளில் அவர்களே வழிகாட்டினார்கள். மே 1 அன்று பயாமோ நகரில் கார்சியாவிடம் சேர்த்தார்கள். கட்டுரையில் அந்த வழிகாட்டிகளுக்கு ஒரு வரியும் இல்லை. ரோவனின் துணிவை நாம் குறைக்கவில்லை. வழி கேட்டுச் சென்றவரை, கேளாதவராக ஆக்கியதே நம் குறை.

இன்னொரு குறை பெரிது. போகிறவனைப்பற்றியே பேசும் கட்டுரை, அனுப்புகிறவனின் கடமையைப்பற்றி வாய் திறப்பதில்லை. அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. உதவி கேட்டு வந்த அன்சாரி ஒருவரிடம், வீட்டில் என்ன உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் என்றார். அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றை உணவுக்கும் ஒன்றைக் கோடரிக்கும் ஆக்கினார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் தம் கண்ணில் படலாகாதென்றார்கள். அவர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார். கண்டிப்பில் இது ஹப்பர்டுக்குக் குறைந்ததன்று. ஆயினும் அந்தக் கோடரிக்குக் காம்பு பூட்டிக் கொடுத்தது நாயகத்தின் திருக்கரமே. அந்தக் காம்பைத்தான் நாம் கட்டுரை முழுதும் தேடினோம்.

நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். 'கேளாதே, ஓது' என்று பிள்ளைகளை அதட்டிய நாட்கள் நமக்கும் உண்டு. அவற்றுள் சில, சோம்பலைத் திருத்த. சில, நமக்கு விடை தெரியாமையால். இந்த மாணவரும் அந்த அதட்டலைக் கேட்டவரே.

அனைத்தையும் கேட்டுவிட்டு, "வேலையில் நான் குறை வைப்பதில்லை, ஹஜ்ரத். எடை தெரியாத மூட்டையைத் தூக்கச் சொல்லும்போது எடையைக் கேட்டேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு, கோடரி ஹதீஸ் எந்தக் கிதாபில் என்றார். அபூதாவூத், ஸகாத் பாடம் என்றோம். சிற்றேட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.