ஈறாகிப்போன ஊர்

தமிழின் தொன்மையைப் பற்றி இன்று நடக்கும் மேடைப் பேச்சுகள் மெசபொட்டேமியாவின் 'ஊர்' நகரத்தைத் தொடாமல் முடிவதில்லை. உலகின் முதல் நகரங்களுள் ஒன்றுக்கு நம் சொல்லே பெயர், ஆகவே அங்கே குடியேறியவர்கள் நாம் என்பது வாதம். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் சுமேரியர்கள் அந்த நகரத்தை அழைத்த பெயர் 'உரிம்'. 'ஊர்' என்பது பிற்காலத்தில் விவிலிய வழியாக உலகெங்கும் நிலைத்த வடிவம். நகரத்தைக் குறிக்கும் சுமேரியச் சொல் 'உரு' என்றும் 'இரி' என்றும் படிக்கப்படுகிறது. அது தமிழ் ஊரோடு ஓசையில் நெருங்குகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு சொல்லின் ஓசை உறவை நிறுவாது. வரிசையாகப் பல சொற்களில் ஒழுங்கான ஒலிமாற்றங்களைக் காட்ட வேண்டும். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியபோதே நமக்குக் கிடைத்த பாடம் இது. அதை மறந்துவிட்டு நாம் யூப்ரடீஸ் கரையில் நிற்கிறோம். நம் சொந்த மலைகளில் இந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க ஆளில்லை.

பெயரின் கடைசி ஓசையை மட்டும் நம்புகிறவர்கள் எவ்வளவு எளிதில் வழிதவறுவார்கள் என்பதற்குச் சிங்கப்பூர் ஒன்று போதும். அது சிங்கபுரம். 'புர' என்ற வடசொல் ஈறு நம் நாவில் '-பூர்' ஆகி, பார்வைக்கு ஊர்போல் உட்கார்ந்திருக்கிறது. நாக்பூர், ஜெய்ப்பூர், கான்பூர் எல்லாம் அப்படியே. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அதே வேர் 'புரி'யாக நிற்கிறது. எதிர்த்திசைப் பயணமும் உண்டு: ஹொய்சளர்களின் பேலூர் கல்வெட்டுகளில் வேலாபுரம் ஆனது. ஊர் புரமாகும், புரம் ஊராகும். யார், எப்போது, எந்த மொழியில் பெயரை எழுதினார்கள் என்று கேட்காமல் ஈற்றைப் பிடித்துக்கொண்டு வரலாறு சொல்ல முடியாது.

ஒரு முழுச்சொல் தேய்ந்து ஈறாவது எல்லா மொழிக்கும் பொது. ஆங்கில ஊர்ப்பெயர்களின் '-ஹாம்' ஒரு காலத்தில் வீடு. ஜெர்மன் '-ஹைம்' அதன் உடன்பிறப்பு. '-டன்' வேலியடைத்த இடமாக இருந்தது. அந்தச் சொல்லின் ஜெர்மன் உறவு இன்றும் வேலியையே குறிக்கிறது. வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் டேனியர்கள் விட்டுச்சென்ற '-பி' என்பது கிராமம். இன்று பர்மிங்ஹாமில் வாழ்பவர் '-ஹாம்' என்பதில் வீட்டைக் கேட்பதில்லை. சொல் செத்து, ஈறு மட்டும் எஞ்சிவிட்டது. தமிழில் அப்படி ஆகவில்லை. தஞ்சாவூரில் உள்ள ஊரும் 'எந்த ஊர்?' என்று பேருந்தில் கேட்கும் ஊரும் ஒரே சொல் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே இலக்கணப்படி இதை விகுதி என்பதில் தயக்கம் உண்டு. நிலைமொழி வருமொழிப் புணர்ச்சி என்பதே நம் மரபு. புதுமை புத்தூராகிறது, பெருமை பேரூராகிறது, முதுமை மூதூராகிறது. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்து நெல் நெல்லூராகிறது. கருவூர் கரூராகத் தேய்ந்தாலும் கடைசி அசை தேயவில்லை. ஈறாகவும் சொல்லாகவும் ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் இந்த நிலைதான் ஊரின் தனிச்சிறப்பு.

கன்னடம் இதில் நமக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2014 நவம்பர் 1 அன்று பெங்களூரு, மைசூரு, மங்களூரு என்று ஆங்கில எழுத்திலும் 'ஊரு'வை மீட்டார்கள். நாம் 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றோம். எழுத்துக்கூட்டலில் எழுந்த குழப்பம் காரணம். முன்னதாக ஊர் ஊராகக் கேட்டு எழுதிய பதிவு இருந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. தெலுங்கு இன்னும் ஒரு படி மேலே போய், ஊரின் வேற்றுமை வடிவமான 'ஊரி'யைக் குடும்பப்பெயர் ஆக்கும் கருவியாக்கிக்கொண்டது: தங்குடூருவிலிருந்து தங்குடூரி. ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரில் நாம் அறிந்த தங்குடூரி அதுதான். மத்திய இந்தியத் திராவிட மொழிகளில் காட்சி மாறுகிறது. கோண்டியில் கிராமம் 'நார்'. கோண்டா, குயி மொழிகளிலும் இதே சொல்லின் உறவுகள்தாம். அவற்றின் உடன்பிறப்பு நம் 'நாடு'. நாம் பெரிய நிலப்பரப்புக்கு வைத்திருக்கும் சொல் அங்கே ஒரு சிற்றூரைக் குறிக்கிறது.

இந்தத் துறையைத் தமிழில் தொடங்கி வைத்த பெருமை ரா. பி. சேதுப்பிள்ளையுடையது. 1946இல் வந்த 'தமிழகம் ஊரும் பேரும்' நூலின் நடையழகை விஞ்ச இன்றுவரை ஆளில்லை. ஆனால் அவர் கண் இலக்கியத்திலும் கோயிலிலும் நின்றது. தேவாரம் பாடிய தலத்துக்குக் கிடைத்த இடம் ஓர் ஓடைக்கோ மேய்ச்சல் காட்டுக்கோ கிடைக்கவில்லை. இந்தத் துறையை அறிவியல் நெறிக்குத் திருப்பியவர் கி. நாச்சிமுத்து. 1983இல் வெளிவந்த அவருடைய 'தமிழ் இடப்பெயராய்வு' இன்னும் பலரால் படிக்கப்படாத அடிப்படை நூல். ஆர். பாலகிருஷ்ணன் கொற்கை, வஞ்சி, தொண்டி என்ற பெயர்த் தொகுதியைத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் தேடியபோது, ஒற்றை ஓசைக்குப் பதில் கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்ற நெறியையாவது கடைப்பிடித்தார். அவரை மேற்கோள் காட்டும் மேடைகள் அந்த நெறியைக் கைவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டன.

தமிழர் மறந்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும்: மலையாளக் கவிஞர் வி. வி. கே. வாலத்து. திருச்சூர், எர்ணாகுளம், பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களின் இடவரலாற்றைத் தனியாளாகத் தொகுத்தவர். கேரள சாகித்ய அகாதெமி வெளியிட்ட அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் பழந்தமிழ் நிலம் பக்கம் பக்கமாகத் திறக்கிறது. துணிந்து சொன்ன சில சொல்மூலங்கள் நிற்காமல் போகலாம்; நடந்து திரட்டிய செய்தி நிற்கும். அவர் எடுத்த மாவட்டங்களில் இடுக்கி இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் காந்தலூர் இருக்கிறது.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காடு வழியே ஏறினால் மறையூர், அதற்கு மேலே காந்தலூர். பூண்டும் ஆப்பிளும் விளையும் இந்தக் கிராமம் 2023இல் இந்தியாவின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தங்கப் பரிசு பெற்றது. காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பெயரை மட்டும் பார்ப்பவர் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையை இங்கே கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். அது திருவனந்தபுரத்து வலியசாலை என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற முடிவு. அங்கே 'ள', இங்கே 'ல'. மலையாளத்தில் இந்த மலையூரை 'ல்ல' இரட்டித்துக் காந்தல்லூர் என்று எழுதுகிறார்கள். காந்தள் என்ற பூவோடு ஊர் சேர்ந்தால் 'ள்ள' என்றோ 'ல்ல' என்றோ இரட்ட நம் புணர்ச்சி விதியில் இடமில்லை. எந்த எழுத்து உண்மை என்று பலகைகளைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அங்குள்ள முதியவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும்.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் தமிழர்களின் கிராமங்கள் இவை. நான்கு ஊர், ஒரு குடி, மொத்தப் பெயர் நாடு. ஒரு கிராமமே ஒரு நாடு என்று எண்ணும் இந்தக் கணக்கு கோண்டியின் 'நார்' என்ற பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! சுமேரியா வரை போகத் தேவையில்லை. சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் முதுவர் பழங்குடியினர் வாழும் இடங்கள் 'குடி' என்று முடிகின்றன: தாயண்ணன்குடி, இடமலைக்குடி. இவற்றுள் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. வடக்கே பாலக்காட்டு அட்டப்பாடிக்குப் போனால் ஈறு மாறிவிடும். இருளர், முடுகர், குறும்பர் வாழ்விடங்கள் 'ஊரு'. தலைவர் ஊருமூப்பன், அவர்கள் கூடும் சபை ஊருக்கூட்டம்.

இங்கேதான் மலையாளத்தில் நடந்த மாற்றம் கண்ணில் படுகிறது. கண்ணூர், குருவாயூர், ஏற்றுமானூர், நிலம்பூர் என்று ஈறாக ஊர் நாடெங்கும் இருக்கிறது. தனிச்சொல்லாக அது சமவெளியில் கிராமத்துக்கும் தேசத்துக்கும் கரைக்கும் இடம்விட்டு ஒதுங்கி, அரசு வழக்கில் பழங்குடி வாழ்விடம் என்று சுருங்கிவிட்டது. அதே மொழியில் கோயில் உரிமை பெற்ற நம்பூதிரி 'ஊராளன்'. அவருடைய உரிமை 'ஊராய்மை'. மேல்தட்டில் அதிகாரம், காட்டோரத்தில் குடிசை. தமிழ்ப் பக்கத்திலோ, சோழர் கல்வெட்டில் வேளாண் கிராமத்தின் சபைக்கு ஊர் என்றும் வணிகர் அமைப்புக்கு நகரம் என்றும் பெயர். மருதத் தலைவனை ஊரன் என்று அழைத்த மரபு நம்முடையது.

2024 ஜூன் 18 அன்று கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி நலத்துறைப் பொறுப்பிலிருந்து விலகிய நாளில் அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் ஓர் ஆணை பிறப்பித்தார். காலனி, சங்கேதம், ஊரு ஆகிய பெயர்கள் அங்கு வாழ்வோருக்குத் தாழ்வுணர்ச்சி தருகின்றன, அவற்றுக்குப் பதில் நகர், உன்னதி, பிரகிருதி போன்ற பெயர்கள் வைக்கலாம் என்பது அதன் சாரம். அவருடைய நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. 'காலனி' ஒழிய வேண்டிய சொல். தமிழ்நாடும் 2025 ஏப்ரலில் அதை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அது வெளியிலிருந்து ஒரு மக்கள் கூட்டத்தின்மேல் ஒட்டப்பட்ட முத்திரை. ஆனால் ஊரு அப்படியன்று. அது இருளரும் முடுகரும் தாங்களே வைத்துக்கொண்டிருக்கும் சொல், திருச்சூரிலும் குருவாயூரிலும் பெருமையோடு ஒலிக்கும் அதே சொல். இழிவு சொல்லில் இல்லை, அந்தச் சொல்லைக் காட்டு மக்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட சமவெளியின் பார்வையில் இருக்கிறது. அந்தப் பார்வையைத் தொடாமல் சொல்லை எடுத்துவிட்டு நகரை வைத்தால், இழிவு சில ஆண்டுகளில் புதிய பெயர்மேல் குடியேறும். காலனி என்ற சொல்லும் தொடக்கத்தில் நன்னோக்கத்தோடு வந்ததுதான்.

மலையாளத்தில் ஊர் பர்மிங்ஹாமின் ஹாம் ஆகிக்கொண்டிருக்கிறது: பெயரில் ஈறு மட்டும் எஞ்சும், சொல் இறக்கும். அது இன்னும் முழுச்சொல்லாக உயிரோடிருக்கும் கடைசி இடங்கள் அட்டப்பாடி போன்ற மலைகள். சேரி என்ற சொல்லைத் தமிழர்களாகிய நாமே இப்படித்தான் கொன்றோம். சங்க இலக்கியத்தில் தெருக்களின் தொகுதியாக இருந்த சேரியை, ராஜராஜன் காலத்திலேயே பறைச்சேரி என்று தள்ளிவைத்து, பிறகு சொல்லையே வசையாக்கினோம். அடுத்தது ஊராக இருக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 1923இல் தொடங்கிய இடப்பெயர்க் கழகம் மாவட்டம் மாவட்டமாகத் தொகுதிகளை வெளியிட்டு, வயல்களின் பெயர்களைக்கூடப் பதிவு செய்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். அஞ்சுநாட்டின் ஐந்து கிராமங்கள், சுற்றியுள்ள முதுவர் குடிகள், அட்டப்பாடியின் ஊருகள் ஆகியவற்றின் சுனை, பாறை, புன்செய், காவு, வழித்தடம் எல்லாவற்றின் பெயரையும் அங்குள்ளவர் உச்சரிப்பிலேயே பதிய வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகமும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. கேரள அரசு ஆணையிலிருந்து 'ஊரு' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, ஊருக்கூட்டங்களைக் கூட்டி, அந்த மக்களையே கேட்டு முடிவெடுக்க வேண்டும்.