‘என்னால் நீ காணப்பட்டாய்’: குர்தியர் யாரும் அப்படிச் சொல்வதில்லை

சில மாதங்களுக்கு முன் குர்மாஞ்சி வாக்கியங்களைப் பகுத்துப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். குர்மாஞ்சி, குர்திய மொழியின் வடக்கு வடிவம். துருக்கி, சிரியா, இராக், ஈரான் என்று பரவிக் கிடப்பது. பாரசீகத்தைப் போலவே ஈரானிய மொழிக் குடும்பம். நிரலில் ஒரே விதி: வினையின் விகுதி எழுவாயோடு ஒத்துப்போகும். நிகழ்காலத்தில் ஜம்முனு ஓடிச்சு. இறந்தகாலம் வந்ததும் படுத்துடுச்சு.

காரணம் இதுதான். ‘எஸ் தெ திபீனிம்’ என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன். ‘எஸ்’ நான், ‘தெ’ உன்னை, கடைசி ‘இம்’ தன்மை விகுதி. நம்ம தமிழ் மாதிரியேதான். இதையே இறந்தகாலத்தில் சொன்னால் ‘மின் து தீத்தீ’. ‘நான்’ வேற்றுமை ஏற்ற ‘மின்’ ஆகிவிட்டது. ‘உன்னை’ போய் ‘நீ’ என்ற ‘து’ வந்துவிட்டது. வினையின் ஈறும் பார்த்தவரை விட்டுவிட்டுப் பார்க்கப்பட்டவரோடு சேர்ந்துகொண்டது. ‘எஸ் ஹாத்திம்’ (நான் வந்தேன்) போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளில் இந்தக் குழப்பம் இல்லை. மொழியியலில் இதை எர்கேட்டிவ் அமைப்பு என்பார்கள்.

நிரலைத் திருத்திவிட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: “இறந்தகாலம் செயப்பாட்டு வினை. பொருள்: என்னால் நீ காணப்பட்டாய்.” நிரல் சரியாக ஓடியது. அதனால் விளக்கமும் சரி என்று நம்பிட்டேன்.

இது என் தவறு மட்டும் இல்லை. 1893இல் வில்ஹெல்ம் கைகர் ஈரானிய மொழிகளின் இந்த அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘செயப்பாட்டு’ இருக்கிறது. இந்தப் பார்வைக்கு அடிப்படை, பேரரசன் தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் வரும் ‘மனா கர்தம்’ என்ற பழம்பாரசீகத் தொடர். ‘என்னால் செய்யப்பட்டது’ என்று படித்தார்கள். 1952இல் எமில் பென்வெனிஸ்த் இதை மறுத்தார். ‘எனக்கு மகன் உண்டு’ என்பது போன்ற உடைமைத் தொடர்தான் இது என்றார். 2008இல் வந்த தன் நூலில் ஜெஃப்ரி ஹெய்கும் செயப்பாட்டுக் கதையை ஏற்கவில்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில். இந்தச் சண்டை 2500 வருஷத்துக்கு முந்தைய ஒரு தொடரைப் பற்றியது. அதில் யார் ஜெயித்தாலும், இன்றைய குர்மாஞ்சி வாக்கியத்தின் பொருளை அது முடிவு செய்யாது. அதற்கு இன்றைய மொழியையே கேட்க வேண்டும்.

கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது. முதலாவது, குர்மாஞ்சியில் செயப்பாட்டுக்குத் தனி வழியே உண்டு: ‘எஸ் ஹாத்திம் தீத்தின்’, அதாவது நான் பார்க்கப்பட்டேன். ‘வா’ என்ற வினையைத் துணைக்கு அழைத்துச் செய்வது. அப்படி ஒன்று கையில் இருக்கும்போது ‘மின் து தீத்தீ’யையும் ஏன் செயப்பாட்டு ஆக்கணும்?

இரண்டாவது, ‘மின் தெஸ்த்தே ஹ்வெ ஷுஷ்த்’, நான் என் கையைக் கழுவினேன். ‘ஹ்வெ’ நம் ‘தன்’ போன்ற சொல், எழுவாயைச் சுட்டுவது. இங்கே அது ‘மின்’னைத்தான் சுட்டுகிறது. வேற்றுமை ஏற்றாலும் எழுவாய் எழுவாய்தான்.

தமிழருக்கு இது புதுசா என்ன? ‘அவனுக்குத் தன் ஊர் பிடிக்கும்’ என்கிறோம். ‘அவனுக்கு’ நான்காம் வேற்றுமை. ஆனாலும் ‘தன்’ அவனைத்தான் சுட்டுகிறது. அதை ‘அவனால் ஊர் பிடிக்கப்படுகிறது’ என்று யாராவது விளக்கினால் சிரிப்போம். குர்மாஞ்சிக்கு அதையே செய்துவிட்டு இலக்கணம் என்கிறோம்.

சும்மா சொல் விளையாட்டு இல்லை இது. ‘மின் ஜாம் ஷிகாந்த்’ என்று ஒருவர் சொன்னால், கண்ணாடியை நான் உடைத்தேன் என்று நேராக ஒப்புக்கொள்கிறார். ‘என்னால் கண்ணாடி உடைபட்டது’ என்று மொழிபெயர்த்தால், நழுவப் பார்க்கிறவர் போல ஆகிவிடுகிறார். அந்த நழுவல் அவருடையது இல்லை, நம்முடைய மொழிபெயர்ப்பு கொடுத்தது.

நிரலைத் திரும்பத் திறந்தேன். ஓடுகிற வரி ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த குறிப்பை மட்டும் அழித்துவிட்டு எழுதினேன்: “பொருள்: நான் உன்னைப் பார்த்தேன்.”